முறியாத எலும்பில் விழும் துளை

மனித உடலின் 206 எலும்புகளில் 106 எலும்புகள் இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலுமே இருக்கின்றன. பற்றுவது, நிற்பது என்ற இரண்டு காரியங்களுக்காக உடல் தன் எலும்புகளில் பாதிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் அவற்றில் ஒன்று முறிந்தால் 'விரல்தானே' என்று சொல்லிவிடுகிறோம். தொடை எலும்பு முறிந்தவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போகிற நாம், மோதிர விரல் முறிந்தவரிடம் வேலைக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்கிறோம். சோறு பிசையவும், சட்டைப் பொத்தான் போடவும், மகளுக்குத் தலை பின்னவும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்கும்போதுதான் அந்தச் சிற்றெலும்பின் அருமை தெரிகிறது. அது தெரிந்தவர்கள் மருத்துவத்திலும் இருந்தார்கள். கைக்கும் பாதத்துக்கும் என்றே அமைந்த சின்னஞ்சிறு வெளிச்சட்டம் அவர்களுடைய யோசனையில் பிறந்தது.

'வெளியே கம்பி வச்சிருக்காங்க' என்பார்கள் நோயாளிகள். மருத்துவர்கள் 'ஃபிக்ஸேட்டர்' என்பார்கள். நம் நாட்டில் கைக்கும் பாதத்துக்கும் அதிகம் கேட்கிற பெயர் 'ஜெஸ்'. 1980-களின் பிற்பகுதியில் மும்பையில் டாக்டர் பி. பி. ஜோஷி உருவாக்கிய அமைப்பு அது. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிகள். அவற்றைக் கவ்விக்கொள்ளும் சிறு பூட்டுகள். பூட்டுகளை இணைத்தபடி விரலுக்கு வெளியே ஓடும் மெல்லிய தண்டு. அவ்வளவுதான். நொறுங்கிய விரலுக்கும், நசுங்கிய பாதத்துக்கும், உள்வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்கும் அதே எளிய உறுப்புகளை வெவ்வேறு விதமாகக் கோத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சட்டத்தை அருகில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். முறிவுக்கு மேலே இரண்டு கம்பிகள், கீழே இரண்டு கம்பிகள். முறிந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கம்பியும் தோலைத் துளைத்து இறங்கியிருப்பது, அடிபடாத, நொறுங்காத, தன்னளவில் எந்தக் குறையும் இல்லாத எலும்பில். முறிந்தது ஓரிடம், துளைபட்டது வேறிடம். நொறுங்கிய எலும்பில் கம்பிக்குப் பிடிமானம் கிடைக்காது என்பதே இதற்கான காரணம். எளிய காரணந்தான். ஆனால் நம்மில் பலர் வாழ்ந்து கடந்தும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உண்மை அந்த எளிமைக்குள் கிடக்கிறது. முறிந்ததன் பாரத்தை முறியாததுதான் சுமக்கிறது. சுமப்பதற்காகத் தன்னைத் துளைக்கக் கொடுக்கிறது.

மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள், முறிந்த காலில் மேலும் கீழும் தோல் வளையங்களைப் பூட்டி, இடையே வளையக்கூடிய குச்சிகளைச் செருகி, அவற்றின் விசையால் எலும்பை நீட்டி நிறுத்தும் முறையைச் சொல்கின்றன. நம் பக்கத்தில் மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் வைத்தியர்கள் இருந்தார்கள். புத்தூர் கட்டு என்றால் இன்றும் வண்டி பிடித்துப் போகிறவர்கள் உண்டு. எல்லாமே சதையின் வழியாக எலும்பை அடக்கும் வழிகள். எலும்பையே நேராகப் பற்றலாம் என்ற துணிவு 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1897-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கிளேட்டன் பார்க்ஹில், 1902-இல் பெல்ஜியத்தில் ஆல்பின் லாம்பாட் என்று அந்த வரிசை நீள்கிறது. லாம்பாட் தம் கையாலேயே வயலின் செய்தவர். எங்கே துளையிட்டால் மரம் தாங்கும், எங்கே இட்டால் பிளக்கும் என்று அறிந்த விரல்கள் எலும்பிலும் திருகாணி இறக்கின என்று எண்ணும்போது மனம் நிறைகிறது. 1909-இல் ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் தந்த மெல்லிய கம்பி, இன்று எல்லா அறுவை அரங்குகளிலும் 'கே-வயர்' என்று புழங்குவது, வராமல் போயிருந்தால் விரல் எலும்புக்குச் சட்டம் என்ற பேச்சே எழுந்திருக்காது.

அழுத்திப் பிடிப்பதும் துளைத்துப் பிடிப்பதும் பிடிப்பதில் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவில் வேறு வேறு. இறுகக் கட்டிய கட்டு எங்கும் துளையிடுவதில்லை. ஆனால் எதையும் அசைய விடுவதும் இல்லை. விரல் பல வாரம் அசையாமல் கிடந்தால் எலும்பு கூடிவிடும், விரல் விறைத்துவிடும். தசைநாண் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்ளும், மூட்டு சுருங்கிப்போகும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். கையால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. கட்டு அளவுமீறி இறுகிவிட்டால் ரத்த ஓட்டமே நின்று விரல் கறுத்துப்போவதும் உண்டு. வெளிச்சட்டமோ நான்கு இடத்தில் காயம் செய்கிறது. அதற்கு ஈடாக மற்ற மூட்டுகளை எல்லாம் அசைய விடுகிறது. அசைவின்மை தேவைப்படுவது முறிவின் அந்த ஒரு விரற்கடைக்கு மட்டுமே என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இரண்டில் என் மனம் துளையின் பக்கமே நிற்கிறது. துயரத்தில் விழுந்தவரைத் தாங்குகிறோம் என்று அவரை எழவிடாமல், வெளியே போகவிடாமல், தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய விடாமல் சுற்றிலும் இறுக்கிக் கட்டுகிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். கணவனை இழந்த பெண்ணுக்கு நம் சமூகம் நெடுங்காலம் கட்டிய கட்டு அத்தகையது. காப்பதாகச் சொல்லிக்கொண்டு அசைவை எல்லாம் நிறுத்திய கட்டு. அப்படிக் கட்டியவர்கள் யாரும் தங்கள் மேல் ஒரு கீறலும் விழ விடவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தன்னில் ஒரு துளையும் ஏற்காமல் பிறரைத் தாங்க நினைப்பவர் கடைசியில் தாங்கப்படுகிறவரின் மூச்சை நெரிக்கிறார்.

துளையை ஏற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே கம்பி போதாது. ஒற்றைக் கம்பியைச் சுற்றி எலும்பு திரும்பிவிடும். உள்ளங்கை எலும்பு 5 டிகிரி திரும்பிக் கூடினாலே, மடக்கும்போது விரல் நுனி பக்கத்து விரலின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஏறிக்கொள்ளும். பிறகு அந்தக் கையால் எதையும் ஒழுங்காகப் பிடிக்க முடியாது. அதனால்தான் பாரம் எப்போதும் இரண்டாகப் பங்கிடப்படுகிறது. நம் வீடுகளில் நோயாளியின் பாரம் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியில்தான் தொங்குகிறது. மூன்று பிள்ளைகள் இருந்தாலும் 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்று ஒருத்தியிடம் விட்டுவிடுகிறோம். அவளும் தாங்குகிறாள். தாங்கத் தாங்கக் குடும்பம் முழுதும் அவளைச் சுற்றி மெல்லத் திரும்பிவிடுகிறது. பிறகு எதுவும் நேராக அமைவதில்லை.

துளையிடும் வேகமும் முக்கியம். எலும்புக்குச் சூடு ஆகாது. 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே அந்த எலும்பு தேறாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவசரமாகக் கம்பியைச் செலுத்தினால் துளையைச் சுற்றி ஒரு வளையம் எலும்பு வெந்து சாகும். சில வாரங்களில் கம்பி தளர்ந்து ஆடத் தொடங்கும். ஆகவே கைதேர்ந்தவர்கள் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, குளிர்ந்த உப்பு நீர் விட்டபடி இறக்குகிறார்கள். ஒரே இரவில் ஒருவர் தலையில் முழுப் பொறுப்பும் இறங்கிவிடுகிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். தகப்பன் விழுந்த அன்றே படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்த பையன் பல வருடம் உறுதியாக நின்றதுபோலவே இருப்பான். உள்ளே வெந்துபோன வளையம் வெளியில் தெரிவதில்லை.

துளை விழும் இடமும் கணக்கில் வர வேண்டும். விரலின் முதுகில் நீட்டும் நாண் ஓடுகிறது. கம்பி அதைக் குத்திக்கொண்டு இறங்கினால் எலும்புக்குப் பிடிமானம் கிடைக்கும், விரல் மடங்காது. ஆகவே பக்கவாட்டில், நாணுக்கும் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் இடையே கிடைக்கும் ஒடுங்கிய வழியைத் தேடிப் போகிறார்கள். ஒருவர் தம் பலத்தை எல்லாம் கொடுக்கலாம், வாழ்வை அசைத்துக்கொண்டிருக்கும் நாணைக் கொடுக்கக் கூடாது. பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தவளின் பாட்டு, ஒருவனுடைய ஒரே நட்பு, ஒருத்தி தன் சம்பளத்தில் தனக்கென்று வைத்திருந்த சிறு பங்கு, இவையெல்லாம் அத்தகைய நாண்கள்.

இந்தச் சட்டங்களின் வேலையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. மூட்டோரத்து எலும்பு சிறு சிறு துண்டுகளாக நொறுங்கியிருக்கும்போது ஒவ்வொரு துண்டையும் திறந்து எடுத்துப் பொருத்த முடியாது. தொட்டால் மேலும் சிதையும். பிரான்சின் மோன்பெலியே நகரத்து அறுவை மருத்துவர் ழாக் விடால் 1970-களில் எடுத்துரைத்த வழி, துண்டுகளைத் தொடவே வேண்டாம் என்பது. மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளைப் பிடித்து அளவோடு விலக்கினால் போதும். அறாமல் மிஞ்சியிருக்கும் தசைநார்கள் இழுபட்டு, நொறுங்கிய துண்டுகளைத் தாமே கூட்டி இடத்தில் சேர்க்கும். 1994-இல் ஜப்பானிய மருத்துவர் சுசுகியும் அவருடைய குழுவினரும் கம்பிகளையும் சாதாரண ரப்பர் பேண்டுகளையும் கொண்டே விரல் மூட்டுக்கு இதைச் செய்து காட்டினார்கள். இழுபட்டபடியே விரல் மடங்கி நிமிர்கிறது, மடங்கி நிமிர்ந்தபடியே மூட்டு வடிவம் பெறுகிறது. பெரிய இழப்பில் சிதறியவரிடம் போய் அந்தச் சிதறலையே கிளறிக் கேட்டுக்கொண்டிருப்பவரால் ஆகாத காரியம், அவரோடு இன்னும் அறாமல் இருக்கும் உறவுகளை மெல்ல இழுத்துப் பிடித்தால் நடந்துவிடுகிறது. உடைந்ததை நேராக்கும் ஆற்றல் உடைத்தவனிடமும் இல்லை, ஒட்டவைக்க வந்தவனிடமும் இல்லை. அது அறாமல் மிஞ்சியிருக்கும் இணைப்புகளில் இருக்கிறது.

ஒரு கை அறுவை வார்டில் காலை நேரம். பவர் பிரஸ்ஸில் நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கிய தொழிலாளி கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மனைவி அவர் கையைத் தன் மடியில் விரித்த சுத்தமான துணியின் மேல் வைத்துக்கொண்டு, கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் உப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கிறார். காய்ந்த பொருக்கை உரிக்காமல் ஊறவிட்டு எடுக்கிறார். ஒரு கம்பிக்கு ஒரு பஞ்சு. அதே பஞ்சு அடுத்த கம்பிக்குப் போவதில்லை. "கொஞ்சம் மடக்குங்க" என்கிறார். விரல் நடுங்கியபடி சற்று மடங்குகிறது. "நீ சாப்ட்டியா?" என்கிறார் கணவர். "அப்புறம் சாப்பிடுறேன், நீங்க மடக்குங்க." சிறிது நேரத்தில் மருத்துவர் வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சிவப்பு இல்லை, கசிவு இல்லை, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அவர் பார்த்தது நான்கு துளைகளை. ஐந்தாவது துளை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் வராந்தாத் தரையில் படுத்து, வேலை பார்க்கும் வீடுகளில் சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் அந்தப் பெண்ணைத் தொட்டுப் பார்க்க எந்த மருத்துவச் சீட்டிலும் கட்டம் இல்லை.

உறுதியாக நிற்கும் கம்பி வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கினால் அது தளர்ந்துவிட்டது, அல்லது கிருமி புகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாகிறார்கள். இங்கே வலி ஒரு தகவல். சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தில் இதே சட்டத்தைப் பொருத்தும்போது அந்தத் தகவல் வருவதில்லை; கம்பி தளர்ந்தாலும், எலும்பு நொறுங்கினாலும் பாதம் மௌனமாகவே இருக்கும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது இதைத்தான். அந்த விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிரவில்லை. வலி தெரியாத காரணத்தால் அன்றாடம் காயப்பட்டு, கவனிப்பாரின்றி அழிந்தன. வலியைச் சொல்லாத உறுப்பு பத்திரமாக இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று வருடக்கணக்கில் சொல்லிவரும் அம்மாவை, அக்காவை, மூத்த மருமகளைப் பற்றியும் அப்படியே எண்ணுகிறோம். உணர்வற்ற பாதத்தைத் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்கும்படி பிராண்ட் கற்பித்தார். வலி சொல்லாதவரிடம் பார்ப்பவரின் கண்ணே வலியின் வேலையைச் செய்தாக வேண்டும்.

பிறகு விடும் காலம் வருகிறது. 1892-இல் பெர்லினின் யூலியஸ் வோல்ஃப் எழுதியபடி, எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்வது. சட்டமே முழுச் சுமையையும் நெடுநாள் தாங்கிக்கொண்டிருந்தால் எலும்பு மெலியும். ஆகவே முறிவு கூடத் தொடங்கியதும் பூட்டுகளைச் சற்றே தளர்த்தி, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். இன்னும் சில நாளில் கம்பிகள் உருவப்படுகின்றன. எல்லோரும் முறிந்த இடத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். எக்ஸ்ரேயில் அதற்கு மேலும் கீழும் சிறு கரும்புள்ளிகள் தெரியும். சாரத்தைப் பிரித்த பிறகு, குறுக்குக் கம்புகளுக்காக நல்ல சுவரில் விட்ட துளைகளைக் கொத்தனார் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருப்போம். எலும்புக்கு அப்படி அடைக்க வெளியாள் இல்லை. தானேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அடி விழுந்தால் எலும்பு முறியக்கூடிய இடம் அந்தத் துளைதான். அதனால்தான் கம்பி எடுத்த பிறகும் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

இங்கே நின்று பார்க்கும்போது, தாங்குதல் என்று நாம் பெருமையோடு சொல்லும் செயல் முழுதும் வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. துன்பம் ஓரிடத்தில் தோன்றி ஓரிடத்திலேயே தீர்வதில்லை. அது தன்னைச் சுற்றியுள்ள நலத்தின் மேல் பகிர்ந்து இறங்குகிறது, அப்படி இறங்குவதாலேயே அது ஆறுகிறது. ஒரு வீட்டில் ஒருவர் நோயிலிருந்து எழுந்தார் என்றால் இன்னொருவர் தம் தூக்கத்தையும் வருமானத்தையும் இளமையின் சில வருடங்களையும் அதற்குள் செலுத்தியிருக்கிறார். ஒரு ஊர் வெள்ளத்திலிருந்து மீண்டது என்றால் மூழ்காத மேட்டுத் தெருக்கள் தம் அரிசியையும் திண்ணைகளையும் திறந்துவிட்டிருக்கின்றன. ஒரு தலைமுறை படித்து நிமிர்ந்தது என்றால் படிக்காத முந்திய தலைமுறையின் முதுகில் அதற்கான கம்பிகள் இறங்கியிருக்கின்றன. நலமாக இருப்பது என்பது, பிறருடைய முறிவு தன்னில் துளையிட வரும்போது இடம் கொடுக்கக் கூடியவராக இருப்பது என்றே பொருள்படுமானால், அந்தத் துளைகளைக் கணக்கில் எடுக்காத எந்தக் குணமடைதலும், எந்த நன்றியும், எந்த நீதியும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

அந்த மறுபாதிக் கணக்கு பார்க்கப் பெரிய தத்துவம் வேண்டியதில்லை. பத்து வருடம் படுக்கையில் கிடந்த தகப்பனாரைப் பார்த்துக்கொண்ட மகளிடம் கருமாதி முடிந்த மறுநாளே 'இனி உனக்கென்ன, விடுதலைதானே' என்று சொல்லி, அண்ணன் பிள்ளைகளையும் அவளிடமே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அவளுக்கு இப்போது பாரம் தூக்கும் காலம் அல்ல. சமையலை யாராவது ஏற்றுக்கொண்டு, பழைய தோழி இருக்கும் ஊருக்கு அவளைச் சில வாரம் அனுப்பிவைக்கலாம். மருத்துவமனைகளில் உடன் தங்குபவருக்கு ஒரு பாயும், ஒரு வேளைச் சோறும், வார்டைச் சுற்றி வருகிறவர் நின்று கேட்கும் ஒரு கேள்வியும் ஒதுக்கலாம். வேலை கொடுத்தவர்கள் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் விடலாம். அண்ணன்களில் ஒருவர், இரண்டாவது கம்பியாக, அப்போதே வந்திருக்கலாம். தாமதமானாலும் இப்போது வரலாம்.